ஃபயர்பேர்டுக்குப் புதிய புத்தகம் ஏன் வருவதில்லை, பழைய புத்தகத்தை எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியில் எழுதிய பழைய பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதன் பின்னால் ஓடுவது ஃபயர்பேர்ட் டேட்டாபேஸ். மைசீக்வலுக்கும் போஸ்ட்கிரஸுக்கும் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கும்போது இதற்கு 2004-லும் 2013-லும் வந்தவைதான் கண்ணில் படுகின்றன. புதிய அச்சுப் புத்தகம் ஏன் இல்லை, பழசை வாங்கிப் படிக்கலாமா? இந்தக் கேள்விக்குள் நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத இன்னொன்றும் இருக்கிறது: புத்தகம் வரவில்லை என்றால் அந்த டேட்டாபேஸே சாகப்போகிறதா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. ஃபயர்பேர்ட் 3.0 2016-லும், 4.0 2021-லும், 5.0 2024 ஜனவரியிலும் வெளிவந்தன. வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. புத்தகம் வராததற்குக் காரணம் வேறு.

ஒரு மென்பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கும் அதற்கு எத்தனை புத்தகம் வருகிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எஸ்க்யூலைட்டைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு, ஐஃபோன், பிரவுசர் என்று எங்கும் உள்ளே இருப்பது அதுதான். ஆனாலும் அதற்கென்றே வந்த தரமான ஆங்கிலப் புத்தகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நன்றாகப் பேசப்பட்ட இரண்டு 2006-லும் 2010-லும் வந்தவை. டேட்டாபேஸ் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வேலை தேடுகிறவர்களும் வேலை மாறுகிறவர்களும். வேலை விளம்பரத்தில் ‘ஃபயர்பேர்ட் தெரிந்தவர் தேவை’ என்று வராதவரை அந்தக் கூட்டம் இந்தப் பக்கம் வராது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பிரச்சினை வந்த நாளில் மட்டும் விடை வேண்டும், அதை அவர் கூகுளில் தேடிக்கொள்வார். இந்தப் பத்தியில் எஸ்க்யூலைட் பற்றிச் சொன்னது கண்ணுக்குத் தெரியும் உண்மை. வாங்குபவர்கள் பற்றிச் சொன்னது என் கணிப்பு. பதிப்பகங்கள் விற்பனைக் கணக்கை வெளியிடுவதில்லை.

எழுதுகிறவர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். புத்தகம் 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர், விநியோகஸ்தர் கழிவு பாதி போனால் பதிப்பகத்துக்கு 25 வரும். அதில் எழுத்தாளருக்கு 10 முதல் 15 சதவீதம் என்றால் பிரதிக்கு இரண்டரை முதல் மூன்றே முக்கால் டாலர். ஆயிரம் பிரதி விற்றால் 2,500 முதல் 3,750 டாலர். அறுநூறு பக்கம் எழுத, ஒவ்வொரு கட்டளையையும் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டிப் பார்க்க, ஒரு வருட மாலைப்பொழுதுகள் போகும். இந்த அளவுக்கு ஆழம் தெரிந்தவர்கள் இன்ஜினை எழுதுகிறவர்களும், அதை வைத்து ஆலோசனைத் தொழில் செய்கிறவர்களும்தான். முதல் வகையினருக்கு நேரமில்லை. இரண்டாம் வகையினர் ஒரு வாடிக்கையாளரிடம் சில நாள் வேலை பார்த்தாலே இந்தத் தொகை வந்துவிடும்.

ஃபயர்பேர்டுக்கு இதற்கு மேல் ஒரு தனி வரலாறும் உண்டு. அதன் தாய் இன்டர்பேஸ். போர்லாண்ட் நிறுவனம் 2000 ஜூலையில் இன்டர்பேஸ் 6-இன் மூல நிரலைத் திறந்துவிட்டபோது அதிலிருந்து கிளைத்தது இது. நிரல் இலவசமாக வந்ததே தவிர, இன்டர்பேஸின் கையேடுகள் போர்லாண்டின் பதிப்புரிமையிலேயே நின்றுவிட்டன. எனவே ஃபயர்பேர்ட் குழுவினர் அந்தக் கையேடுகளைத் திருத்தி வெளியிட முடியாமல், எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டி வந்தது. பல ஆண்டுகள் நிலைமை எப்படி இருந்ததென்றால், பழைய இன்டர்பேஸ் கையேட்டைப் படி, அதன் மேல் ஒவ்வொரு வெர்ஷனின் ரிலீஸ் நோட்ஸையும் அடுக்கிப் படி என்பதுதான். அந்த இடைவெளியை நிரப்பியது ஹெலன் பாரி எழுதி ஏப்ரஸ் 2004-இல் வெளியிட்ட ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம். அதன் இரண்டாம் பதிப்பு 2013-இல் மூன்று தொகுதிகளாக வந்தது. இன்னொரு விஷயம்: இந்த டேட்டாபேஸ் வேரூன்றியது பிரேசிலிலும் ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும். ஆகவே போர்த்துகீசிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும் புத்தகங்கள் வந்தன. நாம் ஆங்கிலத்தில் மட்டும் தேடுவதால் பஞ்சம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

சரி, பழசை வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் முதலில் உங்களிடம் ஓடுவது எந்த வெர்ஷன் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதில் இரண்டு எண்கள் உண்டு. சர்வரின் வெர்ஷன் ஒன்று. கட்டளை அடிக்கும் கருவியான ஐஎஸ்க்யூஎல்லில் நுழைந்து ‘ஷோ வெர்ஷன்’ கொடுத்தால் வரும். டேட்டாபேஸ் கோப்பின் உள் அமைப்புக்கு ஓடிஎஸ் என்று தனி எண். ஜிஸ்டாட் என்ற கருவியை ஹைஃபன் ஹெச் (-h) போட்டு ஓட்டினால் மேலேயே காட்டும். ஓடிஎஸ் 10.1 என்றால் கோப்பு உருவானது 1.5-இல், 11.2 என்றால் 2.5-இல், 12.0 என்றால் 3.0-இல், 13.0 என்றால் 4.0-இல், 13.1 என்றால் 5.0-இல். 2.5 சர்வர் பழைய 10, 11 வரிசைக் கோப்புகளையும் திறக்கும் என்பதால் இரண்டு எண்ணும் பொருந்தாமல் இருக்கலாம். 3.0 சர்வர் அப்படி இல்லை, 12-ஐ மட்டும்தான் திறக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு எழுத்தைக் காட்டுகிறேன். பேக்கப் எடுக்கவும் மீட்கவும் உதவும் ஜிபேக் கருவியில் ஹைஃபன் ஆர் என்று ஒரு சுவிட்ச் உண்டு. 1.5 வரை அதற்குப் பொருள் ‘ரீப்ளேஸ்’: அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இருந்தால் அதை அழித்துவிட்டு பேக்கப்பை அதன் மேல் எழுதும். மீட்பு நடுவில் நின்றுபோனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பலர் இப்படித் தரவை இழந்ததால் 2.0-இல் அதே எழுத்தின் பொருளை ‘ரீகிரியேட்’ என்று மாற்றினார்கள். ஓவர்ரைட் என்று தனியாகச் சொன்னால் ஒழிய, இருக்கும் கோப்பைத் தொடாது. இப்போது யோசித்துப் பாருங்கள்: உங்களிடம் ஓடுவது 1.5, நீங்கள் படிப்பது இன்றைய ஆவணம். ஹைஃபன் ஆர் பாதுகாப்பானது என்று நம்பி அடிப்பீர்கள், உயிருள்ள டேட்டாபேஸ் போய்விடும். பழைய புத்தகத்தைப் புதிய சர்வருக்குப் படிப்பதைவிடப் புதிய ஆவணத்தைப் பழைய சர்வருக்குப் படிப்பதுதான் அதிக ஆபத்து. முன்னதில் பெரும்பாலும் பிழைச்செய்தி வந்து நின்றுவிடும். எந்த வெர்ஷனாக இருந்தாலும் மீட்பதற்கு ஹைஃபன் சி போட்டுப் புதுப் பெயரில் மீட்பதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பெயரைச் சரிபார்த்து மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம்தான் ஆகும்.

பழைய புத்தகத்தில் எது இன்னும் நிற்கிறது, எது காலாவதி என்று பிரித்துவிடலாம். டிரான்சாக்ஷன், அதாவது ஒன்றாகவே நடக்கவோ ரத்தாகவோ வேண்டிய கட்டளைத் தொகுதி, எப்படி வேலை செய்கிறது, ஒரே பதிவின் பல பதிப்புகள் எப்படிச் சேர்ந்து கிடக்கின்றன, அவற்றில் தேவையற்றுப்போன குப்பை எப்படி அகற்றப்படுகிறது, ‘நல்’ எனப்படும் வெற்று மதிப்பு கணக்கில் எப்படி நடந்துகொள்கிறது, டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் ஸ்டோர்டு புரொசீஜரும் டிரிக்கரும் எழுதுவது எப்படி என்பவை அடித்தளம். 2004 புத்தகத்தில் இவற்றைப் படித்தாலும் பெருமளவுக்குச் செல்லும். டிரான்சாக்ஷன் பகுதியில் மட்டும் 4.0 ஒரு மாற்றம் கொண்டுவந்தது: கமிட் ஆன, அதாவது முடித்து உறுதிசெய்யப்பட்ட, மாற்றங்களை மட்டும் பார்க்கும் ரீட் கமிட்டட் நிலையில் ஒரு கட்டளை ஓடி முடியும்வரை ஒரே சீரான காட்சியைப் பார்ப்பதே இயல்புநிலை ஆகிவிட்டது. மாறாக, நிறுவுதல், பாதுகாப்பு, கான்ஃபிக் கோப்புகள் பற்றிய அத்தியாயங்களை 3.0-க்கு மேல் ஓட்டுகிறவர்கள் அப்படியே தாண்டிவிடலாம். 2.5 வரை பாஸ்வேர்டின் முதல் எட்டு எழுத்து மட்டும்தான் கணக்கு. நிறுவும்போதே வரும், எல்லோருக்கும் தெரிந்த ‘மாஸ்டர்கீ’ என்ற பாஸ்வேர்டில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு அடித்தாலும் உள்ளே போகலாம். 3.0-இல் அடையாளச் சரிபார்ப்பு முறையே மாறியது, இணைப்பும் குறியாக்கம் செய்யப்படுகிறது. உங்கள் பழைய டெல்ஃபி நிரல் பழைய கிளையண்ட் டிஎல்எல்லோடு (சர்வரோடு பேசும் கோப்பு) 3.0 சர்வரில் இணைய மறுத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்: ஃபயர்பேர்ட் கான்ஃபிக் கோப்பில் வயர்கிரிப்ட் ‘எனேபிள்டு’ என்று இருக்க வேண்டும், ஆத்சர்வர் பட்டியலில் ‘லெகசி ஆத்’ சேர்ந்திருக்க வேண்டும், பயனரை ‘லெகசி யூசர்மேனேஜர்’ வழியாக உருவாக்கியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் இணையாது, பல நேரம் ‘பாஸ்வேர்டு தவறு’ என்ற பொருளில்தான் செய்தி வரும். அந்தச் செய்தியை நம்பிப் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருந்தால் பொழுதுதான் போகும்.

2004 புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காதவை சில. மாறிய பகுதியை மட்டும் பேக்கப் எடுக்க உதவும் என்பேக்கப் 2.0-இல் வந்தது. யார் எந்த வினவலை ஓட்டுகிறார் என்று காட்டும் மானிட்டரிங் அட்டவணைகள் 2.1-இல், டிரேஸ் வசதி 2.5-இல், பூலியன் வகையும் விண்டோ ஃபங்ஷனும் 3.0-இல், உள்ளமைந்த ரெப்ளிகேஷனும் நேர மண்டலமும் 4.0-இல், பல இழைகளில் ஒரே நேரத்தில் பேக்கப் எடுப்பது 5.0-இல் வந்தவை. ஆகவே உங்களுடையது 2.5 என்றால் 2013 பதிப்பு கிட்டத்தட்ட முழுப் பொருத்தம். முழுத்தொகுதி கிடைக்காவிட்டால் நிர்வாகம் பற்றிய மூன்றாம் தொகுதியை மட்டுமாவது வாங்குங்கள். பழைய புத்தகக் கடையில் ‘இரண்டாம் பதிப்பு’ என்று ஒரே ஒரு தொகுதியைத் தனியாக விற்பார்கள், எந்தத் தொகுதி என்று அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இணையத்தில் சமீபத்திய தேதியோடு, நூறு பக்கம் சொச்சத்தில், சொந்தமாக அச்சிட்டு விற்கும் புத்தகங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சில நேரம் பொதுவான எஸ்க்யூஎல் பாடத்தை எடுத்து டேட்டாபேஸின் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். மாதிரிப் பக்கங்களைப் புரட்டினாலே பிடித்துவிடலாம். முதல் பத்து வரிசைகளை எடுக்க ‘லிமிட் 10’ என்று எழுதியிருந்தால் அவர் ஃபயர்பேர்டில் அதை ஓட்டிப் பார்த்ததே இல்லை; இதில் ‘ஃபர்ஸ்ட் 10’ அல்லது ‘ரோஸ் 10’, 3.0 முதல் ‘ஃபெட்ச் ஃபர்ஸ்ட் 10 ரோஸ் ஒன்லி’. தானாக எண் கொடுக்க ‘ஆட்டோ இன்கிரிமென்ட்’ என்று இருந்தாலும் அப்படித்தான்; இங்கே ஜெனரேட்டரும் டிரிக்கரும், 3.0 முதல் ஐடென்டிடி. ஃப்ரம் இல்லாமல் வெறும் ‘செலக்ட் 1’ என்று காட்டினாலும் அதே கதை, ஆர்டிபி டாலர் டேட்டாபேஸ் என்ற ஒற்றை வரி அட்டவணையிலிருந்து எடுத்தாக வேண்டும். இந்த மூன்றையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

புதிய வெர்ஷனுக்குப் புத்தகம் வேண்டுமென்றால் நீங்களே ஒன்று சேர்த்துக்கொள்வதுதான் நடைமுறை வழி. ஃபயர்பேர்ட் திட்டம் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் மொழிக் கையேட்டையும் ரிலீஸ் நோட்ஸையும், தவிர ஜிபேக், பராமரிப்புக்கான ஜிஃபிக்ஸ், ஜிஸ்டாட் போன்ற கருவிகளுக்குச் சிறு கையேடுகளையும் இலவச பிடிஎஃப்பாகத் தருகிறது. அச்சிட்டுக்கொள்ள உரிமமும் இடம்கொடுக்கிறது. முழுக் கையேட்டையும் அச்சிடாதீர்கள். பல நூறு பக்கம் வரும், அதில் பெரும்பகுதி தேடிப் பார்க்க வேண்டியவை. ஃபங்ஷன் பட்டியலும் பிழை எண்களும் திரையிலேயே இருக்கட்டும். அச்சில் வேண்டியவை: உங்கள் வெர்ஷனின் குவிக் ஸ்டார்ட், மொழிக் கையேட்டில் டிரான்சாக்ஷன், இண்டெக்ஸ், புரொசீஜர் மொழி அத்தியாயங்கள், ஜிபேக்கும் ஜிஃபிக்ஸும் பற்றிய சிறு கையேடுகள், பிறகு உங்கள் வெர்ஷனிலிருந்து அடுத்து போகப்போகும் வெர்ஷன்வரை ஒவ்வொரு ரிலீஸ் நோட்ஸிலும் ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற அத்தியாயம். ஏ4 தாளில் இருபுறமும், கட்டும் ஓரத்தில் 20 முதல் 25 மில்லிமீட்டர் இடம் விட்டு அச்சிடுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு பக்கத்தைச் சுருக்கினால் நிரல் வரிகளில் கமாவும் புள்ளியும் ஒன்றுபோலத் தெரியும். ஸ்பைரல் கட்டுக்கு ஒரு தொகுதியில் 150 தாளுக்கு மேல் போகாமல் இருந்தால் மேசையில் விரிந்து கிடக்கும். முதல் பக்கத்தில் வெர்ஷன் எண்ணையும் அச்சிட்ட மாதத்தையும் பேனாவால் எழுதுங்கள். எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பொருளகராதி மட்டும் இதில் கிடைக்காது. நல்ல அச்சுப் புத்தகத்தின் பாதி மதிப்பு அதன் பின்பக்கத்து அகராதியில்தான் இருக்கிறது. கடைசியில் நான்கு வெற்றுத் தாள் சேர்த்துக் கட்டி, தேடிக் கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணை எழுதிக்கொண்டே வந்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கான அகராதி உருவாகிவிடும்.

அதிகாரபூர்வக் கையேட்டில் ஒரு குறை உண்டு, அதையும் தெரிந்தே படிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்று சொல்லும். எதை எப்போது கவனிக்க வேண்டும் என்ற வரிசையைச் சொல்லாது. அந்த வரிசைக்காகத்தான் புத்தகம் வேண்டியிருக்கிறது. உதாரணமாக, ஜிஸ்டாட் காட்டும் தலைப்புத் தகவலில் ஓல்டஸ்ட் டிரான்சாக்ஷன், ஓல்டஸ்ட் ஆக்டிவ், ஓல்டஸ்ட் ஸ்னாப்ஷாட், நெக்ஸ்ட் டிரான்சாக்ஷன் என்று நான்கு எண்கள் வரும். தினமும் காலையும் மாலையும் இந்த நான்கையும் ஒரு தாளில் குறியுங்கள். அடுத்து வரப்போகும் எண்ணான நெக்ஸ்ட் ஏறிக்கொண்டே போக, இன்னும் முடியாதவற்றில் மிகப் பழையதான ஓல்டஸ்ட் ஆக்டிவ் அசையாமல் நின்றால், யாரோ ஒருவர் நிரலைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார், அல்லது நிரல் கமிட் செய்யாமலே வைத்திருக்கிறது. அந்த டிரான்சாக்ஷன் முடியும்வரை, குப்பையைத் துடைக்கும் ஸ்வீப் வேலையை ஓட்டினாலும் பயனில்லை. ஓல்டஸ்ட் ஆக்டிவ் நகர்ந்துகொண்டிருக்க, ஓல்டஸ்ட் டிரான்சாக்ஷன் மட்டும் நின்றால் அது பெரும்பாலும் ரோல்பேக் ஆன, அதாவது ரத்தான, ஒன்றில் சிக்கியிருக்கிறது. ஸ்வீப் அதைச் சரிசெய்யும். தானியங்கி ஸ்வீப்பின் இயல்பு இடைவெளி 20,000 டிரான்சாக்ஷன். அது அலுவலக நேரத்தின் உச்சத்தில் கிளம்பினால் எல்லோருக்கும் திரை உறையலாம். எனவே இடைவெளியைப் பூஜ்யமாக்கிவிட்டு இரவில் ஜிஃபிக்ஸ் வழியாக ஓட்டுவது நல்லது. ஆனால் பூஜ்யமாக்கிவிட்டு இரவு வேலையை அமைக்க மறப்பது, ஸ்வீப்பை விட்டுவைப்பதைவிட மோசம்.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்காக ஒன்று, இதை எந்தப் புத்தகத்திலும் தேடாதீர்கள். யூடிஎஃப்8 நெடுவரிசையில் வார்சார் (எழுத்துகளை வைக்கும் வகை) நீளம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தைக் கணக்கிடாது, யூனிகோட் குறிப்புள்ளிகளைக் கணக்கிடும். ‘தமிழ்நாடு’ நமக்கு ஐந்து எழுத்து, ஃபயர்பேர்டுக்கு ஒன்பது. ஊர்ப் பெயருக்கு 20 என்று வைத்தால் நீளமான பெயர் உள்ளே போகாது. இண்டெக்ஸ் சாவியின் நீளம், டேட்டாபேஸ் கோப்பு துண்டுகளாகப் பிரிந்திருக்கும் பேஜ் அளவில் கால்பங்கைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்8-க்கு எழுத்துக்கு நான்கு பைட் என்று கணக்கு. ஆகவே 4,096 பைட் பேஜில் 253 எழுத்து, 8,192-இல் 509 எழுத்து நெடுவரிசைக்கு மேல் இண்டெக்ஸ் போட முடியாது. பேஜ் அளவை மாற்ற பேக்கப் எடுத்து மீட்பது மட்டுமே வழி. பழைய நிரலில் தமிழ் பாமினி போன்ற எழுத்துரு முறையில், ‘நன்’ (எந்தக் குறியாக்கமும் இல்லை என்று பொருள்) என்ற கேரக்டர் செட்டில் கிடந்தால் ஃபயர்பேர்ட் அதை யூனிகோடாக மாற்றித் தராது. அது வெறும் பைட்டுகளாகத்தான் பார்க்கும். வெளியே எடுத்து, மாற்றி, புதிய அட்டவணையில் ஏற்ற வேண்டும்.

எதை நம்புவது என்பதற்கு நான் சொல்லும் அளவுகோல் இது. வெர்ஷன் எண் எழுதாத குறிப்பை, யார் எழுதியிருந்தாலும், வெறும் தடயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிலீஸ் நோட்ஸோடு ஒத்துப்போனால் பாதி நம்பலாம். உங்கள் நகலில் ஓட்டிப் பார்த்து அதே விடை வந்தால் முழுதாக நம்பலாம். நகல் எடுக்கும்போது சர்வர் ஓடிக்கொண்டிருக்கையில் கோப்பை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடாதீர்கள். எழுதப்படும் பக்கங்கள் பாதி பழசும் பாதி புதுசுமாக வந்து நகல் கெட்டிருக்கும். ஜிபேக்கில் பேக்கப், பிறகு வேறு பெயரில் மீட்பு. இந்த மீட்பையே வாரம் ஒருமுறை செய்தால் இரண்டு வேலை முடிகிறது, ஏனெனில் பேக்கப் வெற்றி என்று சொன்ன கோப்பு மீட்கும்போது தோற்பது உண்டு. 2.5 வரை, ஏற்கெனவே வரிசைகள் இருக்கும் அட்டவணையில் ‘நாட் நல்’ நெடுவரிசையை மதிப்பு கொடுக்காமல் சேர்க்க விட்டுவிடும். பேக்கப் ஓடும், மீட்பு அந்த அட்டவணையில் வந்து நிற்கும். அப்படி நின்றால் ஜிபேக்கில் ஹைஃபன் என் போட்டு விதிகளைச் சரிபார்க்காமல் மீட்டு, வெற்று மதிப்புகளை நிரப்பிவிட்டு, மறுபடி ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள்.

படித்துத் தீர்க்க முடியாத எல்லை ஒன்று இருக்கிறது: கெட்டுப்போன டேட்டாபேஸ். ஜிஃபிக்ஸின் ‘மெண்ட்’ பெயரைப் பார்த்து அது பழுதுபார்க்கும் என்று நினைக்காதீர்கள்; சிதைந்த பதிவுகளைக் குறியிட்டு ஒதுக்கிவிட்டு மீதியை பேக்கப் எடுக்க வழிசெய்யும், அவ்வளவுதான். ஒதுக்கப்பட்டவை போனவை. அந்த நிலையில் சர்வரை நிறுத்தி, கோப்பை வேறு டிஸ்கில் நகலெடுத்து, மூலத்தை யாரும் தொடாதபடி எடுத்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் முயலுங்கள். நகலில் முதல் முயற்சி பலிக்கவில்லை என்றால், மேற்கொண்டு எதுவும் செய்யாமல் ஃபயர்பேர்ட் மீட்பு வேலையையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் அந்தத் தொடாத மூலக் கோப்பைக் கொடுங்கள்.